கைத்தறிப் பையும் நம் தறிக்குடிகளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கல்வி நிதி, மாணவர் விடுதி, கோயில் திருப்பணி முதலிய பெரிய விஷயங்கள் ஆராயப்படும் இம்மேடையில் ஒரு பையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் உள்ளுக்குள் நகைத்தல் கூடும். நகைப்பதில் எமக்கு வருத்தமில்லை. ஆயினும், தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் ஒன்றேனும் நம்மவருள் இருக்குமளவும், ஊரார் கையிலும் தோளிலும் தொங்குகின்ற பை எத்தறியில் நெய்யப்பட்டது என்னும் வினா நமக்குச் சிறியதாகாது.

பை என்பது நம் நாட்டாருக்குப் புதிய பொருளன்று. பாட்டிமார் இடுப்பிற் செருகியிருந்த சுருக்குப் பையை நம்மிற் பெரும்பாலார் கண்டிருக்கின்றோம். வெற்றிலை, பாக்கு, பொடிக்காசு, சில சமயம் பேரக்குழந்தைக்கு ஒரு கற்கண்டு, இவ்வளவும் அதனுள் அடங்கும். அரசர் காலத்து அடைப்பைக்காரன் என்னும் ஊழியன் வெற்றிலைப் பை சுமப்பதொன்றையே உத்தியோகமாகக் கொண்டிருந்தான். துறவிகளுக்குப் பொக்கணம் இருந்தது. பிற்காலத்தில் தேசத் தொண்டரும் எழுத்தாளரும் தோளில் மாட்டிய ஜோல்னாப் பை, அதனை அணிந்தவரை இன்னாரென்று காட்டும் அடையாளமாகவே ஆயிற்று. கலியாண வீட்டிலும் ஜவுளிக் கடையிலும் கொடுக்கப்பட்ட மஞ்சட்பையோ சொல்ல வேண்டுவதில்லை. அதனைக் கையிற்கொண்டு பட்டணம் சென்றவனை நாட்டுப்புறத்தான் என்று ஏளனஞ் செய்த காலமும் ஒன்றிருந்தது. ஏளனஞ் செய்தவர்கள் பிளாஸ்டிக் பையைக் கையிலேந்தினர். அதன் பயன் ஏரியிலும் சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் கிடப்பதை இன்று யாவரும் அறிவர்.

காலம் சிறிது திரும்பியது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, ஒரு முறை பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழ்நாட்டில் தடை ஏற்பட்டது. 2021 டிசம்பர் 23-ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தை அரசாங்கத்தார் தொடங்கினர். துணிப்பைக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. இது கேட்டு நாம் மகிழ்ந்தோம். ஆனால் அம்மகிழ்ச்சியால் நம் தறிக்கு வந்த வேலை யாது? கடைவீதியில் விற்கும் துணிப்பை பத்தினை வாங்கி அவற்றின் துணியை விரலால் தடவிப் பாருங்கள். விசைத்தறித் துணியையும் ஆலைத் துணியையும் அறியாத விரல் நம்மவரிடையே இல்லை. பைக்கு வந்த வாழ்வு கைத்தறிக்கு வரவில்லை.

நம் தொழிலின் ஸ்திதியை ஒளிக்காமற் சொல்லுதல் நலம். இந்திய தேசத்துக் கைத்தறித் தொழிலாளர் தொகை 1995-96-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 65 லட்சம். 2009-10-இல் 43 லட்சம். 2019-20-இல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் 35 லட்சம். இவ்வெண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு விளக்கம் வேண்டா. நான்காவது கணக்கின்படி, தறிக்குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5000 ரூபாவுக்குக் குறைந்த வருவாயில் ஜீவிக்கின்றன. நம் பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகம் தேடிச் செல்வதை யாம் தடுப்பவரல்லேம். அது அவர்கள் உரிமை, அதற்காகவே கல்வி நிதி திரட்டுகின்றோம். ஆனால் தறியில் இருக்க விரும்புகிறவன் பட்டினிக்கு அஞ்சி இறங்கி ஓடும்படியான நிலைமை வேறு. அதனைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் சங்கத்துக்கு அழகன்று.

இவ்விடத்தில் பவானி ஜமக்காளத்தின் வரலாற்றைச் சிறிது நினைவூட்ட விரும்புகின்றோம். காவிரியும் பவானியும் கூடுமிடத்திலுள்ள அவ்வூரில் முற்காலத்திற் சேலையும் பிற துணிகளுமே நெய்யப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமை ஆலைத்துணி வந்து குவிந்து, உள்ளூர்த் துணியின் விலையை முறித்தது. அப்பொழுது அவ்வூர் ஜங்கமர் என்னும் நெசவாளர் செய்தது என்ன? ஆலையோடு மெல்லிய துணியிற் போட்டியிடுவதை விட்டு, முரட்டு நூலில் வண்ணப் பட்டைகள் வைத்துக் கனத்த விரிப்பினை நெய்தனர். அது பரவிற்று. பிறரும் அதனை மேற்கொண்டனர். இன்று தமிழ்நாட்டில் ஜமக்காளம் என்றவுடன் பவானி என்று வாய் தானே சொல்லுகின்றது. 2005-ஆம் ஆண்டையொட்டி அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழில் மாறவில்லை, தறியும் குழியும் மிதியும் மாறவில்லை. நெய்த பொருள் மாத்திரம் மாறிற்று. அம்மாற்றமே பல தலைமுறைக்குச் சோறு போட்டது.

இப்பொழுது அந்த ஜமக்காளத்துக்கும் இடுக்கண் வந்துள்ளது. வீடுகளில் நாற்காலியும் கட்டிலும் வந்தபின் விரிப்பு விரிப்பார் குறைந்தனர். சோலாப்பூர் முதலிய இடங்களிலிருந்து விசைத்தறி விரிப்புகள் குறைந்த விலைக்கு வந்து இறங்குகின்றன. ஆகவே அன்று சேலையிலிருந்து ஜமக்காளத்துக்குப் பெயர்ந்தவாறே, இன்று ஜமக்காளத் தறியிலிருந்து பைக்குப் பெயரலாம் என்பது எம் எண்ணம். கனமும் உறுதியும் வண்ணமும் பைக்கு வேண்டிய குணங்கள். அவை மூன்றும் ஜமக்காள நெசவிற்குப் பிறவிக்குணம். அந்நெசவில் ஊடை நெருங்கி விழுந்து பாவினை முற்றும் மறைத்துவிடுகிறது. காய்கறியும் புத்தகமும் இட்டுத் தூக்கினாலும் துணி இளகாது. துணி தேய்ந்தாலும் முதலில் தேய்வது ஊடையே. பாரம் தாங்கும் பாவு உள்ளே பத்திரமாய் இருக்கும்.

‘இதுவும் புதிய யோசனையன்றே, ஜமக்காளத் துணியிற் பை தைத்து விற்கின்றவர் பலர் உளரே’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் அவர்கள் விற்பது பை. நம்மவர் விற்பது துணி. இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

பை நெய்தலில் பேர்பெற்ற பிறநாட்டார் சிலரைப் பற்றி அறிந்துகொண்டால் இத்தூரம் நன்கு விளங்கும். தென்னமெரிக்காவின் அண்டிஸ் மலைநாட்டில் கோக்கா இலை வைத்துக்கொள்ளும் சிறு பை ஒன்றுண்டு. சுஸ்பா என்பது அதன் பெயர். அம்மலைவாசிகளின் நெசவில் ஒரு விசேஷம்: பாவினை இரண்டு கோல்களுக்கும் இடையே வளையமாக இழுத்துக் கட்டி, கடைசி இழை வரை ஊசியாற் கோத்து நெய்து முடிப்பார்கள். ஆதலால் துணியின் நான்கு புறமும் கரையாகவே அமையும், கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. அத்துணியை மடித்துப் பக்கங்களைச் சேர்த்தால் பை. நெய்தவளே பையையும் முடித்துவிடுகிறாள். திதிகாகா ஏரியிலுள்ள தக்கீலே தீவினரின் நெசவுக் கலையை யுனெஸ்கோ மன்றம் 2005-இல் மனிதகுலத்தின் அரும்பொருள்களுள் ஒன்றாக அறிவித்தது. அத்தீவார் ஊர்ப்பொதுவிற் கூட்டுறவுக் கடை வைத்து, விலையையும் பொதுவில் நிர்ணயித்து விற்கின்றனர். வருகிற பிரயாணி வீடு வீடாகச் சென்று ஒருவர் விலையை மற்றொருவரைக் கொண்டு முறிக்க அங்கே இடமில்லை.

கொலம்பியா, வெனிசுவேலா என்னும் இரு தேசங்களுக்கும் பொதுவான குவாஹிரா என்னும் வறண்ட நிலத்தில் வாயூ என்னும் மக்கள் வாழ்கின்றனர். தமக்கு நெசவைக் கற்பித்தது ஒரு சிலந்தி என்று அவர்கள் கதை சொல்லுவர். அவர்தம் மாதர் செய்யும் வண்ணப் பை உலகெங்கும் விலைபோகின்றது. அது தறியிலன்றிக் கொக்கியூசியினால் அடியிலிருந்து வட்டவட்டமாகப் பின்னப்படுவது. ஆதலால் நம் நெசவோடு முழுதும் ஒக்காது. ஆனால் அதுவும் துணியாக இருந்து பையாவதன்று; பையாகவே பிறப்பது. பிறர் இயந்திரத்திற் செய்து அப்பெயரால் விற்பதைத் தடுக்கும்பொருட்டு, 2011-இல் கொலம்பிய அரசாங்கம் வாயூ நெசவுக்குப் பிறப்பிடப் பெயருரிமை வழங்கியது.

மூன்றாவது உதாரணம் இந்தோனேசியாவின் பாப்புவா நாட்டு நோக்கென். மரநாரையும் இலையையும் நூலாக்கி முடிச்சிட்டும் பின்னியும் செய்யும் பை இது. விறகு, கிழங்கு, மீன், பன்றிக்குட்டி, கைக்குழந்தை எல்லாம் இதனுள் ஏறும். அந்நாட்டு மலையூர்கள் சிலவற்றில் வாக்குச்சீட்டுப் போடும் பெட்டிக்குப் பதிலாகவும் இப்பையைத் தொங்கவிடுவர்; 2009-இல் அத்தேசத்து அரசியற்சட்ட நீதிமன்றமே அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு பெருமை இருந்தும், 2012-இல் யுனெஸ்கோ மன்றத்தார் நோக்கெனைச் சேர்த்தது உடனே காக்க வேண்டியவற்றின் பட்டியலில். செய்வோரும் அணிவோரும் குறைந்து வந்தமைக்கு அவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று தொழிற்சாலைப் பையின் போட்டி. மற்றொன்று, தாய் மகளுக்குக் கற்பிக்கும் வழக்கம் தளர்ந்தமை. புகழ் வேறு, பிழைப்பு வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டா.

இனி நம் தறிக்கு வருவோம். நாம் நெய்வது நீளத்துணி. வியாபாரி அதனை மீட்டர் கணக்கில் எடுத்துச் செல்லுகிறான். எங்கோ ஓரிடத்தில் தையற்காரர் வெட்டித் தைக்கின்றனர். வார், பொத்தான், உள்துணி சேர்கின்றன. ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டப்படுகின்றது. கடையில் அது 400 ரூபாவுக்கு விற்கின்றது என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் நெய்தவன் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று தத்தம் கூலிக்கணக்கைப் பார்த்துத் தாமே சொல்லிக்கொள்ளுங்கள். தையற்காரருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அவரை யாம் குறைகூறவில்லை. பெரும்பங்கு யாரிடம் நிற்கின்றது? பொருளை முடித்துப் பெயரிட்டவரிடம் நிற்கின்றது. இஃது அநீதி என்று கூவுவதால் பயனில்லை. முடிப்பதையும் பெயரிடுவதையும் நாம் விட்டுக்கொடுத்தோம், எடுத்தவர் எடுத்துக்கொண்டார்.

ஆகவே பைக்கென்றே நெய்ய வேண்டும். இதனைச் சற்று விவரமாகச் சொல்லுவோம். தறி அறியாத இளைஞர் பொறுத்தருள்க. பாவினைப் பையின் அகலத்துக்கே அமைத்தால், அல்லது அகன்ற தறியில் இரண்டு மூன்று பட்டிகளாகப் பிரித்து இடைவெளி விட்டு அமைத்தால், ஒவ்வொரு பட்டிக்கும் இருபுறமும் கரை கிடைக்கும். பையின் உயரத்தைப்போல் இருமடங்கு நீளம் நெய்து நடுவில் மடித்தால், பக்கங்களில் கரையோடு கரை சேரும். வெட்டிய விளிம்பு இல்லாமையால் நூல் பிரியாது. தையலும் மெலிதாக இருந்தாற் போதும். இதில் நெய்பவன் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஊடைப் பட்டைகள் வைத்து நெய்து வருகையில், அடிமடிப்பு விழும் இடம் வந்தவுடன் பட்டைகளின் வரிசையைத் திருப்ப வேண்டும். முன்னே எத்தனை ஊடை விழுந்ததோ பின்னேயும் அத்தனை ஊடை விழவேண்டும். அப்பொழுதுதான் மடித்த பையின் பக்கத்தில் சிவப்பு சிவப்போடும் பச்சை பச்சையோடும் சேரும். மீட்டர்த் துணியை வெட்டித் தைக்கும் பையில் பட்டைகள் இவ்வாறு பொருந்துமாறு வெட்டப் புகுந்தால் துணி வீணாகும். ஆதலால் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பையை வாங்குபவர் எவரேனும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், இது பைக்கென்று நெய்ததா அன்றா என்பது அங்கேயே எழுதியிருக்கும். விசைத்தறிக்காரர் இதனைச் செய்ய இயலாதென்று யாம் சொல்லவில்லை. சிறு சிறு தொகையாக வண்ணமும் அளவும் மாற்றி மாற்றி நெய்வது அவருக்குக் கட்டாது, நமக்குக் கட்டும்.

நான்கு விழுது கட்டிய தறியில் இன்னொரு வழியும் உண்டு. மேலடுக்கும் கீழடுக்குமாக இரண்டு துணிகளை ஒரே பாவில் வைத்து, நாடா மேலடுக்கில் ஒரு முறையும் கீழடுக்கில் ஒரு முறையும் சுற்றி வருமாறு மிதித்தால், இருபுறமும் மூடிய குழாய் போலத் துணி இறங்கும். அடியில் இரண்டடுக்கையும் சேர்த்துச் சிறிது நெய்துவிட்டால் தையலே இல்லாத பை. பார்க்க மிக அழகியது. ஆனால் கீழடுக்கில் இழை தப்பினால் தறியிலிருந்து இறக்கும் வரை தெரியாது. ஜமக்காளம் போன்று ஊடையை நெருக்கி அடிப்பதும் இதில் அரிது. மெல்லிய தோட்பைக்கு இது தகும். சந்தைப் பைக்கு மடித்த பையே மேல் என்பது எம் அபிப்பிராயம். அனுபவமுள்ள பெரியோர் வேறு கருத்துக் கூறினால் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம்.

வாரினைப் பற்றி ஒரு சொல். துணி கிழிந்து கெட்ட பை குறைவு. வார் பிய்ந்து கெட்ட பையே மிகுதி. வாயின் ஓரத்தில் இரண்டங்குலம் வைத்துத் தைத்துவிட்டால் பாரமெல்லாம் அந்தத் தையலில் நிற்கும். வாரினைப் பையின் அடி வரை இறக்கிச் சுற்றி மேலே கொண்டுவந்தால் பாரத்தை வாரே தாங்கும். சாயமும் அவ்வாறே. பை உடையோடு உரசும் பொருள். நனைந்த வெள்ளைத் துணியால் அழுந்தத் தேய்த்துப் பார்த்துக் கறை ஏறாத நூலையே எடுக்க வேண்டும். ஒருவருடைய வெள்ளை வேட்டியிற் சிவப்புச் சாயம் ஏறினால், அவர் மாத்திரமன்று, அவர் தெருவே கைத்தறிப் பையைக் கைவிடும்.

தாய்மார்களே! இனிச் சொல்லப்போவது உங்களைப் பற்றியது. தறிக்கூலி என்று கணக்கெழுதும்போது நாம் எதைக் கணக்கிடுகின்றோம்? தறியில் உட்கார்ந்தவரின் உழைப்பை. சிட்டத்தைப் பிரிப்பதும், தார் சுற்றுவதும், பாவுக்குக் கஞ்சி போடும்போது உடன் நிற்பதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் யார் செய்கின்றனர்? மனைவியும் மகளும் முதிய தாயும் செய்கின்றனர். அவ்வேலைக்குத் தனிக்கூலி எத்தனை வீடுகளில் உண்டு? மூவர் உழைப்புக்கு ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு, கூலி போதவில்லை என்று நாம் அழுகின்றோம். 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தேசத்துக் கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டவர் பெண்டிர். பை விஷயத்தில் தையலும் சேர்வதால் அவர்கள் வேலை இன்னும் கூடும். அதனையும் ‘வீட்டு வேலை’ என்று சேர்த்துவிடுவோமாயின், நாம் வியாபாரியைக் குறைசொல்ல வாய் இல்லாதவர்களாவோம். ஒரு பைக்கு விலை போடும்போது தார் சுற்றியவருக்கு இவ்வளவு, நெய்தவருக்கு இவ்வளவு, தைத்தவருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதி, அவரவர் கையிற் கொடுத்தல் வேண்டும். ‘விலை ஏறினால் யார் வாங்குவர்’ என்பது பழைய கேள்வி. 1935-இல் அகில பாரத சர்க்கா சங்கம் நூற்போருக்கு வாழத்தக்க ஊதியம் கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்தபோதும் இக்கேள்வி எழுந்தது. கதரின் விலை சிறிது ஏறினாலும் ஏறுக, நூற்கும் ஏழை மாது பட்டினியாற் சாகலாகாது என்பதே காந்தியடிகளின் நிலையாக இருந்தது.

கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லாமல் விடுதற்கில்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி சில பொருள்களைக் கைத்தறியிலேயே நெய்ய வேண்டுமென்று அரசாங்கத்தார் ஒதுக்கினர். முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. விசைத்தறிக்காரர் வழக்காடியும், 1993-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஜமக்காளம் அந்த 11-இல் ஒன்று. பை அதில் இல்லை. எனவே பையின் துணியை எத்தறியில் நெய்தாலும் சட்டம் கேளாது. அப்பொழுது எஞ்சுவது சொல்லின் நாணயமொன்றே. அந்நாணயத்தைக் கெடுப்பவர் பிறர் மாத்திரம் என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? கைத்தறி என்று பலகை எழுதிய கடையில், விசைத்தறித் துணியிற் பை தைத்து அடுக்கியிருப்போரில் நம்மவரும் உளர். அவர்கள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சிலர் இச்சபையிலேயே இருக்கவுங்கூடும். வறுமையாற் செய்தவரை யாம் வெறுப்பதில்லை. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே சொல்லி விற்பதிலும் குற்றமில்லை. கைத்தறி என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு பையும், பக்கத்துத் தெருவில் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் தம் உறவினனின் தறியை ஒரு நாள் நிறுத்துகிறது என்பதை மாத்திரம் நினைக்க வேண்டுகின்றோம். 2006-இல் அரசாங்கத்தார் கைத்தறி முத்திரை என்று ஒன்றை ஏற்படுத்தினர். நம்மிற் பலர் அதனைப் பெற முயல்வதில்லை. காரணம் கேட்டால் ‘அலைச்சல்’ என்கின்றனர். தனித்தனியே அலைவது கடினமாயின், சங்கத்தின் வாயிலாகச் சேர்ந்து விண்ணப்பஞ் செய்யலாமே.

‘வாங்குவோர் எங்கே?’ என்பது கடைசிக் கேள்வி. சீமைக்கு ஏற்றுமதி, நகரத்துப் பெருங்கடை என்றெல்லாம் சிலர் கனவு காண்கின்றனர். அவை வந்தால் வரட்டும். அதற்கு முன் நம் வீட்டைப் பார்ப்போம். திருமணத்திற்கு வந்தோர்க்குத் தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்துத் தாம்பூலப் பை கொடுக்கின்றோம். ஒரு கலியாணத்திற்கு ஐந்நூறு பை, ஆயிரம் பை. மணமக்கள் பெயரும் தேதியும் அதில் அச்சிடப்படுகின்றன. நெசவுக் குடியிற் பிறந்த நாம், நம் வீட்டு மங்கல காரியத்துக்கு வந்த விருந்தினர் கையில் எந்த ஆலையிலோ நெய்த துணியைக் கொடுத்தனுப்புகின்றோம்! ஒருமுறை ஒரு விருந்தினர் எம்மைக் கேட்டார்: “இது உங்கள் ஊர் நெசவுதானே?” என்று. வெற்றிலையை எடுத்து வாயிற் போட்டுக்கொண்டோம், வேறென் செய்வது?

கைத்தறிப் பைக்கு விலை கூடுமே என்பீர்கள். கூடும். வாயிலில் நிறுத்தும் விளம்பரப் பதாகைகளில் பாதியைக் குறைத்தால் அந்த வித்தியாசம் கட்டிவிடும். அப்பதாகை மறுநாட் காலை குப்பை; பையோ பத்தாண்டு அவ்வீட்டுச் சமையலறையில் ஆணியில் தொங்கும். ஆயிரம் பேருக்கும் கொடுக்க வசதியில்லாதவர், நெருங்கிய உறவினர் நூற்றுவருக்கேனும் கொடுக்கலாம்.

இதற்குக் காலம் முன்கூட்டி வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஆலைத்துணிப் பையை முகூர்த்தத்திற்கு நான்கு நாள் முன்பு சொல்லி வாங்கிவிடலாம். தறி அவ்வாறு அவசரப்படாது. ஒரு தறியில் நாளொன்றுக்குப் பத்துப் பைக்குரிய பட்டி இறங்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்நூறு பைக்கு ஐம்பது நாள் வேண்டும். நூல் வாங்கவும் சாயந் தோய்க்கவும் பாவு ஓடவும் அதன்மேல் நாள்கள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறினால் சில நாள் வேலை நிற்கவும் நிற்கும். நான்கு தறிகளுக்குப் பகிர்ந்தளித்தால் காலம் சுருங்கும். ஆனால் பட்டையின் அளவும் சாயத்தின் நிறமும் நான்கிலும் ஒத்திருக்க, மாதிரிப் பை ஒன்று சங்கத்தில் இருக்க வேண்டும். அத்தகைய மாதிரிகள் மூன்றினை இன்று இம்மேசைமேல் வைத்திருக்கின்றோம். பெரியோர்கள் கூட்டம் முடிந்தபின் அவற்றை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, வாரினை இழுத்துப் பார்த்துக் குறை கூறுமாறு வேண்டுகின்றோம். வருகிற தை மாதத்தில் தம் இல்லத்தில் திருமணம் வைத்திருப்போர் எத்தனை பை வேண்டுமென்பதைப் புரட்டாசி முடிவதற்குள் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கலாம். தறி வேலையின்றி நிற்போரும் அதே புத்தகத்தின் எதிர்ப்பக்கத்தில், தறியின் அகலத்தையும் விழுது எத்தனை என்பதையும் குறித்து, வீட்டில் தார் சுற்றுவோர், தைப்போர் பெயர்களையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்.